லிஃப்ட்காரர் தன்னையே தின்ற கதை

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் ஒரு பொத்தானை அழுத்துவார்கள். பிறகு எல்லாப் பொத்தான்களையும் அழுத்துவார்கள். பிறகு கடவுளைக் கூப்பிடுவார்கள். கடைசியில்தான் லிஃப்ட்காரரைக் கூப்பிடுவார்கள். வந்து சேர்கிற ஆள் என்னவோ இவர் ஒருவர்தான்.

இருபத்தாறு வருடமாக இதே பிழைப்பு. பழைய கட்டடங்களின் உச்சியில், தகரக் கதவு போட்டு, புறாக்கூண்டுக்குப் பெரியப்பா மாதிரி ஓர் அறை இருக்கும். அதற்குள்தான் லிஃப்டின் மோட்டார். இவர் குனிந்து உள்ளே போய், மின்சாரத்தை அணைத்து, ஒரு நெம்புகோலை அழுத்தி பிரேக்கை விடுவிப்பார். கூட வந்த ஆள் இரும்புச் சக்கரத்தைச் சுற்றுவார். கீழே பெட்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து ஏதோ ஒரு மாடியின் வாசலுக்கு வந்து நிற்கும். அதற்குள் மாட்டிக்கொண்டவர்கள் என்னென்னவோ பேசிவிடுவார்கள். ஒருவர் தன் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். கதவு திறந்ததும் அதை வாபஸ் வாங்கிக்கொண்டார். இவர் மேலிருந்து எல்லாருக்கும் கத்துவது ஒன்றேதான்: “நான் மேலதான் இருக்கேன். கதவுல சாயாதீங்க. அஞ்சு நிமிஷம்.”

அஞ்சு நிமிஷம் என்பது பச்சைப் பொய். ஆனாலும் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம்கூட நின்றவர்கள் உண்டு.

இப்போது ஐந்து மாதமாக அவரே மாட்டிக்கொண்டிருந்தார். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி, ஆறாம் நம்பர் கட்டில். இடது கையில் ஆணி கனத்துக்கு இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும், மெஷின் அதைக் கழுவும், மற்றதன் வழியாகத் திரும்பி வரும். நான்கு மணி நேரம் கையை அசைக்கக் கூடாது. மூக்கு அரிக்கிற நேரமெல்லாம் அப்போதுதான் வரும்.

ஏழாம் நம்பர் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எட்டு வருடமாக அங்கே வருகிறவர்.

“தம்பி, இந்த வண்டியில ஏறினா நடுவுல ஸ்டாப்பிங் கிடையாது” என்றார் முதல் நாளே. “சில்லறை மாத்துற மாதிரிதான். நம்ம ரத்தத்த வாங்கிட்டு நம்ம ரத்தத்தையே திருப்பிக் குடுப்பாங்க. கமிஷன் மட்டும் எடுத்துப்பாங்க.”

கமிஷன் என்று அவர் விளையாட்டாகச் சொன்னது எவ்வளவு உண்மை என்று லிஃப்ட்காரருக்கு அப்போது தெரியாது.

கதை இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்து சிறுநீரகத்தை அரித்திருக்கிறது. கால் வீங்கியபோது செருப்பின் மேல் பழி போட்டு, புதுச் செருப்பு வாங்கிய மனுஷர் இவர். டாக்டரிடம் போனபோது கால்வாசிச் சிறுநீரகம்தான் மிச்சம். டாக்டர் கணவனையும் மனைவியையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார். சாப்பாட்டில் வருகிற கொழுப்பு மிஞ்சினால் உடம்பு இடுப்பில் மூட்டை கட்டி வைத்துக்கொள்ளும். புரதத்துக்கு அப்படிக் கிடங்கு கிடையாது. தேவைக்கு மேல் வந்ததைக் கல்லீரல் உடைத்துவிடும். அப்போது வருகிற கழிவு யூரியாவாக மாறி ரத்தத்தில் கலக்கும். அதைச் சிறுநீரகம்தான் வெளியே தள்ள வேண்டும். தள்ளுகிற ஆள் படுத்துவிட்டதால் குப்பையைக் குறைக்க வேண்டும். ஆகவே பருப்பு, முட்டை, மீன், கறி, பால் எல்லாம் அளவோடு. ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

லிஃப்ட்காரர் அந்தத் தாளை ஒரு தாள் என்றுதான் நினைத்தார். அவர் மனைவி அன்றைக்கே கடைக்குப் போய் அதை லேமினேட் செய்துகொண்டு வந்துவிட்டார்.

அடுப்புக்கு மேலே சுவரில் அது ஏறியது. எண்ணெய்ப் புகை பட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். நகை நிறுக்கிற மாதிரி ஒரு குட்டித் தராசு வந்தது. பருப்புக்கென்று ஒரு கரண்டி ஒதுக்கப்பட்டது. காது குடைகிற கருவிக்கு அக்கா மாதிரி இருக்கும். முட்டை வாரத்துக்கு இரண்டு, அதுவும் கிராம் கணக்கில். காயை நறுக்கி வேகவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி வேகவைத்து, அதற்கு உயிர் இருந்ததற்கான சாட்சியே இல்லாமல் ஆக்கித் தட்டில் வைப்பார். கணவனுக்கு என்னவோ அதையேதான் தானும் சாப்பிட்டார். “எனக்குத் தனியா யாரு சமைக்கிறது” என்று சொல்லிக்கொண்டார். இரண்டு வருடம் ஒரு நாள்கூட அந்தத் தாளை மீறவில்லை.

அப்படியிருந்தும் மெஷின் வந்துவிட்டது.

முதல் நாள் டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்த சாயங்காலம் லிஃப்ட்காரர் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். மனைவி அடுப்பைப் பற்றவைக்காமல் அந்தத் தாளின் முன்னால் நின்று, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“என்ன பண்ற?”

“எங்க தப்பு விட்டேன்னு பாக்குறேன்.”

லிஃப்ட்காரரின் சட்டைப் பையில் அப்போது இன்னொரு தாள் இருந்தது. காலையில் கட்டில் ஓரத்தில் நின்று சிஸ்டர் கொடுத்தது. மெஷின் வந்துவிட்டதால் இனிமேல் உப்பும் தண்ணீரும் பழையபடி கட்டுப்பாடுதான், புரதம் மட்டும் தலைகீழ், முன்பு சொன்னதைப் போல் இரண்டு மடங்கு சாப்பிட வேண்டும் என்று அதில் இருந்தது. அதை எடுத்து நீட்டியிருக்கலாம். ஆனால் அந்த விரல் இன்னும் பருப்பு வரியில்தான் நின்றுகொண்டிருந்தது. இரண்டு வருடம் தராசைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம், அந்தத் தாளைக் கிழித்துப் போடு என்று அந்த நிமிஷத்தில் எப்படிச் சொல்வது?

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். புதுத் தாள் கருவிப் பையின் அடியில், ஸ்பேனர்களுக்குக் கீழே போய்ப் படுத்தது.

நாளைக்கு என்பது அவருடைய அஞ்சு நிமிஷம் மாதிரி. ஐந்து மாதம் ஓடியது.

உடம்பு கரைந்தது. முதலில் பெல்ட்டில் ஓட்டை போதவில்லை. துளை போடும் மெஷினால் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார். பிறகு மோதிரம் கழன்று விழுந்தது. தோளில் சட்டை, ஹேங்கரில் மாட்டிய மாதிரித் தொங்கியது. மனைவிக்குக் கவலை கூடக்கூட, அவர் தாளை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வாரத்துக்கு இரண்டு முட்டை ஒன்றாகியது.

நடுவில் ஒரு நல்ல சேதி. இவருடைய அக்கா தன் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்றாள். “சின்ன வயசுல என் பங்கையும் சேத்துத்தான திம்பான். பழக்கம் விடலை” என்று சொல்லிவிட்டுச் சோதனைக்கு வந்தாள். எல்லாம் பொருந்தியது. ஆனால் டாக்டர், மனைவி பில் கட்டப் போயிருந்த நேரத்தில், லிஃப்ட்காரரின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ரத்தத்துல இருக்கிற புரதம், ஆல்புமின், ரெண்டு புள்ளி எட்டு. மூணரைக்காவது வரணும். இந்த உடம்புல கத்தி வச்சா புண்ணே ஆறாது. ரெண்டு மாசம் டைம். ஏறலைன்னா ஆபரேஷன் இப்போதைக்கு இல்ல. உங்க அக்காவுக்கும் வயசு ஏறிட்டே போகுது, பாத்துக்குங்க.”

அடுத்த நாள் ஊசி குத்திக்கொண்டே சிஸ்டர் பிடித்துக்கொண்டாள். “அண்ணா, சாப்பிடுறீங்களா இல்லையா? ஒவ்வொரு தடவையும் இந்த மெஷின் குப்பையோட சேத்து நல்லதையும் இழுத்துட்டுப் போகுது. ஒரு முட்டையில இருக்கிற அளவு சத்து இந்தக் குழாய்ல போயிடும். நீங்க உள்ள போடலைன்னா உடம்பு சும்மா இருக்குமா? இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேணுமேன்னு கை கால் சதையப் பிரிச்சு எடுத்துக்கும். நீங்க உங்களையே சாப்பிட்டுட்டு இருக்கீங்க.”

“ருசி எப்படித் தம்பி?” என்றார் ஏழாம் நம்பர்.

லிஃப்ட்காரர் சிரித்தார். அன்று மெஷின் ஓடிய நான்கு மணி நேரமும் தன் தொடையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

வெளியே எங்காவது சாப்பிட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கேட்பது சுலபம். ஊசி குத்துகிற கையால் கனமான எதையும் தூக்கக் கூடாது என்பதால் மனைவிதான் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கும் கூடவே வந்துகொண்டிருந்தார். மெஷின் இல்லாத நாட்களில் வேலை, வேலைக்குப் போனால் மனைவி, வீட்டுக்கு வந்தால் சுவரில் தாள். ஒரே ஒரு தடவை, மனைவி மருந்துக் கடை வரிசையில் நின்றபோது, லிஃப்ட்காரர் எதிர்க் கடையில் இரண்டு அவித்த முட்டை வாங்கிப் பையில் ஒளித்தார். வீட்டுக்குப் போவதற்குள் பை மணம் வீசிவிட்டது.

மனைவி திட்டவில்லை. முட்டைகளை எடுத்துத் தெருநாய்க்குப் போட்டுவிட்டு, “சாகணும்னா சொல்லிட்டுச் சாகுங்க” என்று மட்டும் சொன்னார். நாய்க்கு அந்த வாரம் ஆல்புமின் நன்றாக ஏறியிருக்கும்.

கெடு முடிய ஐந்து வாரம் இருந்தபோது ஒரு சனிக்கிழமை பத்து மணிக்குப் போன் வந்தது. ஏழு மாடிக் கட்டடம். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே பல் டாக்டர் மாட்டிக்கொண்டிருந்தார். காவலாளிக்குக் கால் சுளுக்கு, மேலே வர மாட்டார். ஏழு மாடியும் ஏறுவதற்குள் லிஃப்ட்காரர் நான்கு இடத்தில் உட்கார்ந்தார். மோட்டார் அறையை அடைந்து, மின்சாரத்தை அணைத்தார்.

“ஆளில்ல. நீதான் சக்கரம் சுத்தணும்” என்றார் மனைவியிடம். “நான் பிரேக்க அழுத்திப் பிடிப்பேன். சுத்துன்னா சுத்து, நிறுத்துன்னா நிறுத்து.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து அதத்தான பண்றேன்.”

வலது கையால் நெம்புகோலை அழுத்தினார். மனைவி அரைச் சுற்றுச் சுற்றினார். லிஃப்ட்காரரின் முழங்கை நடுங்கியது, நெம்புகோல் நழுவியது, பிரேக் டக்கென்று கவ்வியது. கீழே பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கியது.

“யோவ்!” என்று கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் குரல் வந்தது. “மேல என் கிளினிக்ல ஒருத்தர் வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்கார்யா! மருந்து போட்டு மரத்துப் போயிருக்கு!”

“நான் மேலதான் இருக்கேன் சார். அஞ்சு நிமிஷம்.”

மறுபடி அழுத்தினார். மறுபடி நழுவியது. மூன்றாவது தடவை இடது கையையும் சேர்த்து வைத்தார்.

“இடது கைய எடுங்க!” மனைவி சக்கரத்தை விட்டுவிட்டு ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்ததில் லிஃப்ட்காரர் அப்படியே ஒரு கிரீஸ் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருடத்தில் இந்த நெம்புகோல் அவரைத் தோற்கடித்ததில்லை.

“ஒரு கம்பிய அழுத்திப் பிடிக்க முடியலையா?” என்றார் மனைவி. “கிராம் பிசகாம அளந்து குடுக்குறேனே. அப்புறம் எப்படி உடம்பு இப்படிப் போகும்?”

“நீ அளந்து குடுக்குறதாலதான்.”

சொல்லிவிட்டார். வேறு மாதிரிச் சொல்ல ஐந்து மாதம் யோசித்து வைத்திருந்த எதுவும் அப்போது வாயில் வரவில்லை. பையைக் கவிழ்த்தார். ஸ்பேனர்களோடு, கிரீஸ் கறை பட்ட தாளும் விழுந்தது. மனைவி அதை எடுத்துப் படித்தார். மேலிருந்து கீழ் வரை படித்தார். தேதியைப் பார்த்தார்.

“முதல் நாளே குடுத்துட்டாங்களா?”

“ம்.”

“அஞ்சு மாசம் நான் உங்களப் பட்டினி போட்டிருக்கேன். நீங்க வாயத் தொறக்கல.”

“அன்னிக்கு நீ அந்தத் தாள் முன்னாடி நின்ன பாரு… அதப் பாத்ததும் வரல.”

“அப்ப முன்னாடி ரெண்டு வருஷம்? அதுவும் வேஸ்ட்டா?”

“இல்ல. அது சரி. அப்ப கிட்னி கொஞ்சமாவது ஓடிட்டு இருந்துது, அதுக்குச் சுமை குறைக்கணும். நீ அப்படிப் பாத்துக்கிட்டதாலதான் ரெண்டு வருஷம் தள்ளிப் போச்சுன்னு சிஸ்டரே சொன்னாங்க. இப்ப குப்பையள்ள மெஷின் வந்துடுச்சு. இப்ப திங்கணும்.”

“அத எங்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன ஒடஞ்சா போயிடுவேன்?”

கீழிருந்து குரல் வந்தது. “அம்மா! அவர் சொல்றது சரிதாம்மா. டயாலிசிஸ்னா புரதம் நிறையத்தான் எடுக்கணும். நானும் டாக்டர்தான்.”

“பல்லு டாக்டர்தான நீங்க? கொஞ்சம் சும்மா இருங்க சார்!”



மனைவி தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். பிறகு நெம்புகோலுக்குப் போய், தன் முழு எடையையும் அதன் மேல் போட்டு அழுத்தினார். பிரேக் விட்டது. “நீங்க சக்கரத்துக்குப் போங்க. ஒத்தக் கையால முடிஞ்ச மட்டும் சுத்துங்க.”

கால் சுற்று. ஓய்வு. கால் சுற்று. ஓய்வு. ஒவ்வொரு ஓய்வுக்கும் நெம்புகோலின் மேல் கவிழ்ந்தபடியே மனைவி ஒரு கேள்வி கேட்டார்.

“முட்டையத் தின்னா அது எப்படிச் சதையாகும்? அப்படியே போய் ஒட்டிக்குமா?”

“ஒட்டாது. புரதம்ங்கிறது நீளமான சங்கிலி. நல்லா சுருட்டி வச்ச சங்கிலி. வயித்துல இருக்கிற அமிலம் சுருளப் பிரிக்கும், வெட்ட ஆரம்பிக்கும். குடல்ல மிச்சத்தையும் கண்ணி கண்ணியா வெட்டிடும்.” கால் சுற்று.

“அப்புறம்?”

“தனிக் கண்ணிதான் குடல் சுவரத் தாண்டும். ரத்தத்துல ஏறி முதல்ல கல்லீரலுக்குப் போகும்.” மூச்சு வாங்கினார். “அங்கேர்ந்து எந்த எடத்துக்கு எது வேணுமோ, உடம்பு புதுசாக் கோத்துக்கும். சதைக்கு ஒரு விதமா, முடிக்கு ஒரு விதமா. அந்த ஆல்புமினும் அப்படிக் கோத்ததுதான், கல்லீரல் செய்யுறது.”

“கண்ணி வரலைன்னா?”

“இருக்கிற சங்கிலியக் கழட்டும். ஓடாத லிஃப்ட்லேர்ந்து பாகம் கழட்டி ஓடுற லிஃப்டுக்குப் போடுவோமே, அந்த மாதிரி. என் விஷயத்துல ஓடுற லிஃப்ட்டையே கழட்டிடுச்சு.”

“எல்லாக் கண்ணியும் எல்லாத்துலயும் இருக்குமா?”

“சில கண்ணிய உடம்பே செஞ்சுக்கும். ஒம்பது தினுசு சாப்பாட்டுலேர்ந்துதான் வரணும். முட்டையில ஒம்பதும் இருக்கு. பருப்புல ஒண்ணு ரெண்டு கம்மி, சோத்தோட சேந்தா சரியாயிடும்.”

“இதெல்லாம் யார் சொன்னா?”

“சிஸ்டர். வாரத்துல மூணு நாள், நாலு மணி நேரம். ஓட முடியாதவன் கிடைச்சா யாருதான் பாடம் எடுக்க மாட்டாங்க?”

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் நெம்புகோல் நழுவி, பிரேக் கவ்வி, பெட்டி குலுங்கியது.

“நான் ஒண்ணுமே சொல்லலையே!” என்று அலறினார் பல் டாக்டர்.

ஐம்பது நிமிஷம் ஆயிற்று. ஐந்தாம் மாடியில் கதவைத் திறந்தபோது பல் டாக்டர் சட்டையெல்லாம் நனைந்து நின்றார். லிஃப்ட்காரரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மனைவியிடம், “வெள்ளைக் கருவாக் குடுங்கம்மா, அவருக்கு அதுதான் நல்லது” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு மாடிப்படியில் ஓடினார். இனி அந்தக் கட்டடத்தில் அவர் லிஃப்டில் ஏறப் போவதில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி ஒரு டஜன் முட்டை வாங்கினார். வீட்டில் சுவர்த் தாளைக் கழற்றவில்லை. உப்பு, பழம், காய் பற்றிய வரிகள் இன்னும் செல்லும் என்பதால் புரத வரிகளை மட்டும் கறுப்புப் பேனாவால் அடித்துவிட்டு, முட்டை வேகவைத்தார். அன்று ராத்திரி தட்டில் நான்கு வெள்ளைக் கரு.

“எப்படி நாலும் ஒரே தடவையில…”

“வாயத் தொறங்க.”

அதிலிருந்து காலையில் முட்டை, மத்தியானம் மீன் அல்லது கோழி, ராத்திரி முட்டை. குட்டித் தராசு அப்படியே இருந்தது. முன்பு இம்மி கூடினால் எடுத்துவிடுவார், இப்போது இம்மி குறைந்தால் வைத்துவிடுவார். லிஃப்ட்காரருக்கு யூரியா ஏறி நாக்கில் எப்போதும் இரும்பு ருசி, பசி என்பதே கிடையாது. மெஷின் நாளில் குமட்டும். ஒவ்வொரு கவளமும் மாடி ஏறுகிற மாதிரி. எழுந்து போகவும் முடியாது, எதிரே மனைவி தன் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் விழுங்குகிற வரைக்கும் தான் ஒரு வாய் எடுக்க மாட்டார். இந்தப் பிடியிலிருந்து கையால் சுற்றி வெளியே எடுக்கச் சக்கரம் எங்கேயும் இல்லை.

“பக்கத்து வீட்டுக் கோழி என்னப் பாத்தா ஓடுது” என்று ஏழாம் நம்பரிடம் முறையிட்டார்.

“தம்பி, என் வீட்டுல எட்டு வருஷமா யாரும் எதிர்ல உக்காரல” என்றார் கண்டக்டர். அன்று அவர் வேறு ஜோக் எதுவும் சொல்லவில்லை.

கெடு நாளில் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். அக்காவும் வந்திருந்தாள். மனைவி முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“மூணு புள்ளி ரெண்டு.”

மூன்றரை அல்ல.

“ஆனா ஏறுது” என்றார் டாக்டர். “ரெண்டு மாசத்துல இவ்வளவு ஏறினதே பெருசு. ஆபரேஷனத் தள்ளி வைக்கிறேன், ரத்து பண்ணல. இன்னும் ஆறு வாரம் பாப்போம். என்ன மாத்தினீங்க?”

லிஃப்ட்காரர் வாயைத் திறக்குமுன் மனைவி சொன்னார். “நான்தான் டாக்டர் பழைய தாளையே பாத்துட்டு இருந்துட்டேன். தப்பு என்னுது.”

“இல்ல டாக்டர்” என்றார் லிஃப்ட்காரர். “புதுத் தாள நான் ஒளிச்சு வச்சிட்டேன்.”

“ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்ட போடுங்க” என்றாள் அக்கா. “என் கிட்னி எங்கயும் ஓடிடாது. ஆறு வாரம்னா ஆறு வாரம். நீ ஒழுங்காத் தின்னு.”

அடுத்து வந்த திங்கள். ஐந்து மணிக்கு எழுந்தார்கள். இருட்டு இன்னும் விலகாத சமையலறையில் லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது முட்டையை மென்றுகொண்டிருந்தார். தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்று அது அடம்பிடித்தது. ஆறு மணிக்குக் கட்டில், இரண்டு ஊசி, நான்கு மணி நேரம். புதன் அப்படியே. வெள்ளி அப்படியே. அப்படி இன்னும் பதினெட்டுத் தடவை என்று கணக்குப் பார்த்து, பாதியிலேயே விட்டுவிட்டார்.

“எவ்வளவு நேரம்ங்க மெல்லுவீங்க?” என்றார் எதிரே இருந்த மனைவி. அவர் தட்டில் முட்டை ஆறிக்கொண்டிருந்தது.

“அஞ்சு நிமிஷம்” என்றார் லிஃப்ட்காரர்.

“பொய்” என்று சொல்லிவிட்டு, மனைவி தண்ணீரை அளந்து ஊற்றி நகர்த்தி வைத்தார்.